வெயிலை எதிர்த்து வண்டி ஓட்டுகிறவர்களுக்கு

ஸ்ரீபெரும்புதூருக்கும் கோயம்பேட்டுக்கும் இடையே டூவீலரில் போய்வரும் அனைவருக்கும், முக்கியமாக நைட் ஷிஃப்ட் பார்க்கிற தோழர்களுக்கும் தோழிகளுக்கும்,



இந்தச் சாலையில் யாருக்கு வெயில் முதுகில் விழும், யாருக்கு முகத்தில் அடிக்கும் என்பது வீடும் வேலையும் எந்தெந்தப் பக்கம் இருக்கின்றன என்பதைப் பொறுத்தது. மதுரவாயலில் குடியிருந்து இருங்காட்டுக்கோட்டைக்குப் பகல் வேலைக்குப் போகிறவருக்குக் காலையில் சூரியன் முதுகுப்பக்கம். சாயங்காலம் திரும்பும்போதும் முதுகுப்பக்கமே. அதே வீடு, அதே கம்பெனி, ஆனால் நைட் ஷிஃப்ட் என்றால் எல்லாம் தலைகீழாகிவிடும். போகும்போது மறைகிற சூரியன் முகத்துக்கு நேரே. விடிய விடிய நின்று வேலை பார்த்துவிட்டு, கண் எரிய எரியத் திரும்பும்போது உதிக்கிற சூரியனும் முகத்துக்கு நேரே. திருமழிசை, செம்பரம்பாக்கம் பக்கம் வீடு, விடியற்காலையில் நகரத்துக்குள் வேலை என்று ஓடுகிறவர்களுக்கும் இதே பாடுதான். ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலைக்கு வருகிற அக்காக்களும், கோயம்பேட்டுக்குச் சரக்கு எடுக்க வருகிறவர்களும் இந்தக் கணக்கில் சேர்வார்கள்.

உச்சி வெயிலைப் பற்றி எல்லோரும் பேசுகிறோம். மோர் குடி, குடை பிடி என்கிறோம். வண்டி ஓட்டுகிறவருக்கு அந்த வெயில் உடம்பைத்தான் வாட்டும். கண் மட்டத்துக்கு இறங்கி வந்த வெயிலோ சாலையையே இல்லாமல் ஆக்கிவிடும். எதிரே மாடு நின்றாலும் தெரியாது, ராங் சைடில் ஒருவர் வந்தாலும் தெரியாது, வெள்ளைக்கோடு அழிந்துபோன வேகத்தடை இருந்தாலும் தெரியாது. இதைச் சமாளிக்கக் கறுப்பு வைசர் வாங்கி மாட்டிக்கொள்வது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. அது வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளத்தான் இந்த மடல். உங்கள் ஹெல்மெட்டில் இப்போது இருக்கிற கண்ணாடியைச் சரிசெய்து, அதன் மேல்விளிம்பில் ஒரு பட்டை ஒட்டினாலே பாதிக்கு மேல் பிரச்சினை தீரும். ஏன் என்று விளக்கமாகச் சொல்கிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் நம் சாலையின் திசை. ஸ்ரீபெரும்புதூரிலிருந்து பூந்தமல்லி வரை நெடுஞ்சாலை நேர்கிழக்காக வருவதில்லை. பொதுப்போக்கில் வடகிழக்காகச் சாய்ந்து வருகிறது. உத்தராயணத்தின் கடைசியில், வைகாசி, ஆனி மாதங்களில், சூரியனும் கிழக்கிலிருந்து வடக்கே தள்ளித்தான் உதிக்கும். சென்னையில் அப்போது விடிவது ஏறக்குறைய 5.45 மணிக்கு. ஆகவே அந்த மாதங்களில் ஆறு மணியிலிருந்து ஏழு மணி வரை சென்னையை நோக்கி வருகிறவருக்குச் சாலையின் கோடியில் சூரியன் உட்கார்ந்திருப்பதைப் போல இருக்கும். கார்த்திகையிலிருந்து தை வரை இது மாலைக்கு மாறும். அப்போது சூரியன் தென்மேற்கே தள்ளி மறையும், சாலையும் அதே திசையில் போகும். நவம்பர் கடைசியில் 5.40க்கே பொழுது சாய்ந்துவிடுவதால், நாலே முக்காலுக்கு வீட்டை விட்டுக் கிளம்பி மேற்கே போகிறவர் வழி நெடுக அதைப் பார்த்துக்கொண்டுதான் போக வேண்டும். பூந்தமல்லியைத் தாண்டி கோயம்பேடு வரை சாலை கிட்டத்தட்ட கிழக்கு மேற்காகத் திரும்பிவிடுகிறது. அங்கே சித்திரையிலும் ஆவணியிலும் காலை வெயில், ஐப்பசியிலும் மாசியிலும் மாலை வெயில் நேராக விழும். செம்பரம்பாக்கம் பக்கத்துத் திறந்த வெளியில் மறைப்பதற்குக் கட்டடம்கூடக் கிடையாது.

ஒரு நல்ல செய்தியும் உண்டு. நம் ஊர் நிலநடுக்கோட்டுக்குப் பக்கம், 13 பாகையில் இருக்கிறது. சூரியன் இங்கே கிட்டத்தட்டச் செங்குத்தாக ஏறும், செங்குத்தாக இறங்கும். இங்கிலாந்தில் மார்கழி மாதம் நண்பகலிலேயே சூரியன் அடிவானத்துக்கு மேல் 15 பாகைதான் நிற்கும். லண்டனில் வண்டி ஓட்டுகிறவர்கள் குளிர்காலம் முழுக்கப் பகல் பூராவும் இதோடு மல்லுக்கட்டுகிறார்கள். நமக்கோ காலையில் ஒரு மணி நேரம், மாலையில் ஒரு மணி நேரம். சூரியனின் உயரத்தை அளக்கக் கருவி எதுவும் வேண்டாம். கையை நேராக நீட்டி முஷ்டியை மடக்கி, சூரியனுக்குக் கீழே பிடியுங்கள். ஒரு முஷ்டி உயரம் என்பது ஏறத்தாழ 10 பாகை. சூரியன் அதைக் கடக்க 40 நிமிடத்திலிருந்து முக்கால் மணி நேரம் ஆகும். ஒன்றரை முஷ்டிக்கு மேலே போய்விட்டால் ஹெல்மெட்டின் நெற்றியே அதை மறைத்துவிடும்.

கண் கூசும்போது உள்ளே என்ன நடக்கிறது என்பதைத் தெரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும். கண்ணுக்குள் நுழைகிற வெளிச்சம் முழுவதும் நேராகப் போய் விழித்திரையில் விழுவதில்லை. கொஞ்சம் வழியிலேயே சிதறி, பார்க்கிற காட்சி முழுவதன் மேலும் வெள்ளைத் திரைபோலப் படர்கிறது. பிரகாசமான பொருள் நம் பார்வைக்கோட்டுக்கு நெருங்க நெருங்க இந்தத் திரை கனத்துக்கொண்டே போகும். விலகும் கோணம் இரண்டு மடங்கானால் திரை நான்கில் ஒரு பங்காகக் குறையும். சூரியன் 10 பாகையில் இருக்கும்போது தாங்க முடிவதும், 5 பாகைக்கு இறங்கியதும் எதுவுமே தெரியாமல் போவதும் இதனால்தான். வயது ஏற ஏறக் கண்ணுக்குள் சிதறல் கூடும். கண்புரை ஆரம்பிக்கும்போது இன்னும் கூடும். முன்பெல்லாம் இவ்வளவு கூசவில்லை, இப்போது எதிர்வண்டி வெளிச்சமும் தாங்கவில்லை என்று ஐம்பதைத் தாண்டியவர் யாராவது சொன்னால், அவர் ஹெல்மெட்டைப் பார்ப்பதற்கு முன் கண்ணைக் காட்டட்டும். இதே சாலையில் நூம்பலில் அரவிந்த் கண் மருத்துவமனை இருக்கிறது.

கண்ணுக்குள் நடப்பதே கண்ணாடியிலும் நடக்கிறது. ஹெல்மெட் வைசர் பாலிகார்பனேட்டால் ஆனது. உடையாது, ஆனால் சுலபமாகக் கீறிவிடும். ஒவ்வொரு கீறலும் வெயில் படும்போது ஒரு சின்ன விளக்காக எரியும். நிழலில் நின்று பார்த்தால் உங்கள் வைசர் நன்றாகத்தான் தெரியும். அதே வைசரைச் சூரியனுக்கு நேரே பிடித்துப் பாருங்கள். வட்ட வட்டமாகச் சிலந்தி வலைபோல ஒளிக்கோடுகள் தெரிந்தால், உங்களைக் குருடாக்குவதில் பாதிப் பங்கு அதற்குத்தான். இந்த வட்டக் கீறல்கள் பெரும்பாலும் ஹெல்மெட் கீழே விழுந்ததால் வந்தவை அல்ல. நாம் துடைத்ததால் வந்தவை. லாரிப் புழுதி படிந்த கண்ணாடியைச் சட்டை நுனியாலோ துப்பட்டாவாலோ வண்டி துடைக்கிற மஞ்சள் துணியாலோ வறட்டு வறட்டென்று தேய்க்கிறோம். புழுதி என்பது பொடி மணல். மணலை வைத்துத் தேய்த்தால் எது கீறாது?

துடைக்கிற முறை இதுதான். முதலில் தண்ணீர் ஊற்றிப் புழுதியைக் கழுவி விடுங்கள். பூச்சி அடித்து ஒட்டியிருந்தால் ஈரத்துணியைப் பத்து நிமிடம் அதன்மேல் போட்டு ஊற விடுங்கள். சோப்புத் தண்ணீர் ஒரு சொட்டு, விரல் நுனி, அவ்வளவு போதும். பிறகு மெல்லிய மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றி எடுங்கள். பெட்ரோல், மண்ணெண்ணெய், தின்னர் எதுவும் பக்கத்தில் வரக்கூடாது. பாலிகார்பனேட்டை அவை அரித்து, வெடிப்பு விழச் செய்யும். அமோனியா கலந்த ஜன்னல் கண்ணாடித் திரவமும் ஆகாது. ஏற்கெனவே கீறிவிட்டதா? மாற்றிவிடுங்கள். பற்பசை தேய்த்தால் கீறல் போகும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். பற்பசையிலேயே தேய்ப்புப் பொடி இருக்கிறது, மேலே பூசிய காப்புப் பூச்சையும் சேர்த்து எடுத்துவிடும். சாதாரண வைசர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். ஹெல்மெட்டே புதிதாக வாங்க வேண்டியதில்லை. உங்கள் மாடலின் பெயரைச் சொல்லி அதற்கேற்ற வைசரைக் கேளுங்கள்.

இப்போது பட்டை. மின்சாமான் கடையில் இன்சுலேஷன் டேப் என்று கேட்டால் கொடுப்பார்கள், கறுப்பு நிறம், முக்கால் அங்குல அகலம். வைசரை மூடிய நிலையில் வைத்து, ஹெல்மெட் ஓட்டின் விளிம்பை ஒட்டி, இந்தக் காதிலிருந்து அந்தக் காதுவரை வெளிப்புறமாக ஒரு வரி ஒட்டுங்கள். உள்பக்கம் வேண்டாம். பிரிந்து தொங்கினால் ஓடும்போது கண் முன்னால் வந்து நிற்கும். கண்ணுக்கும் வைசருக்கும் இடையே ஆறு சென்டிமீட்டர் இருப்பதாக வைத்துக்கொண்டால், ஒரு சென்டிமீட்டர் பட்டை வானத்தில் 9 பாகைக்கு மேல் மறைக்கும். எனவே நிறைய ஒட்ட வேண்டிய தேவை இல்லை. ஒட்டியபின் நின்ற வண்டியில், ஓட்டுகிற நிலையில் உட்கார்ந்து, தூரத்துச் சாலையைப் பாருங்கள். பட்டையின் கீழ்விளிம்பு பார்வையின் மேல் ஓரத்தில் லேசாகத் தெரிய வேண்டும், சாலைக்குக் குறுக்கே வரக்கூடாது. தாடையைக் கொஞ்சம் உள்ளே இழுத்தால் பட்டை கீழே இறங்கிச் சூரியனை மூட வேண்டும். நிமிர்ந்தால் முழு வானமும் திரும்ப வேண்டும். இந்த அளவு கிடைக்கும்வரை பிரித்துப் பிரித்து ஒட்டுங்கள். சிக்னல் விளக்கு உயரத்தில் தொங்கும் இடங்களில் மட்டும் கொஞ்சம் நிமிர்ந்து பார்க்கப் பழக வேண்டும்.

இது நான் கண்டுபிடித்ததல்ல. இங்கிலாந்துக்காரர்கள் காலம் காலமாகச் செய்கிறார்கள். ஃபார்முலா ஒன் பந்தய ஓட்டுநர்களின் வைசரைப் பாருங்கள், மேல்விளிம்பில் கம்பெனிப் பெயரோடு ஒரு பட்டை ஓடும். அதுவும் வெயிலை மறைக்கிறது. பந்தயமும் நமக்குத் தூரமில்லை, 1990இல் திறந்த பந்தயத்தடம் இருங்காட்டுக்கோட்டையில், உங்கள் சாலையோரத்திலேயே இருக்கிறது. விலை உயர்ந்த வேகத்துக்கான ஏற்பாடு என்று நினைத்து நாம் ஒதுக்கிய விஷயம், நம் ஸ்கூட்டிக்கும் பொருந்தும்.

ஒன்றை மட்டும் மறக்கக்கூடாது. பட்டை கண்ணுக்குத்தான் நிழல் தரும். அதற்குக் கீழே உள்ள வைசர் வெயிலில்தான் நிற்கும். அங்கே கீறல் இருந்தால் அது எரிந்துகொண்டேதான் இருக்கும். கீறிய வைசரில் பட்டை ஒட்டிவிட்டு, பலனில்லை என்று யாரும் சொல்லக்கூடாது என்பதால்தான் துடைப்பதைப் பற்றி முன்கூட்டியே அவ்வளவு பேசினேன்.

கறுப்பு வைசர் ஏன் வேண்டாம் என்கிறேன்? ஸ்மோக் வைசர், மெர்க்குரி வைசர் என்று சாலையோரம் தொங்குகிறவை எல்லாவற்றையும் ஒரே அளவில் இருட்டாக்கும். சூரியன் எவ்வளவு மங்குகிறதோ அதே விகிதத்தில் குழியும் மாடும் மங்கும். வெள்ளைத் திரைக்கும் பின்னாலிருக்கும் பொருளுக்கும் உள்ள வேறுபாடு அப்படியேதான் இருக்கும். கண் வலி குறையும், பார்வை கூடாது. பிறகு இருட்டு. நம் ஊரில் சூரியன் மறைந்து இருபது, இருபத்தைந்து நிமிடத்துக்குள் தெருவிளக்கு தேவைப்படும் அளவுக்கு இருட்டிவிடும். ஐந்தரை மணிக்கு உதவிய வைசர் ஆறரை மணிக்குக் கண்ணைக் கட்டிவிடும். உடனே அதைத் தூக்கி விட்டுக்கொண்டு ஓட்டுகிறோம். மழை பெய்து ஓய்ந்த மாலையில் ஈசல் கிளம்பும் நேரமும் அதுதான். அறுபது கிலோமீட்டர் வேகத்தில் ஓர் ஈசல் கண்ணில் அடித்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. கறுப்பு வேண்டும் என்பவர்கள், உள்ளே தனியாக இறங்கி ஏறும் சின்னக் கண்ணாடி வைத்த ஹெல்மெட்டைப் பார்க்கலாம். ஒரு விரலால் தூக்கிவிட முடியும் என்பதே அதன் பலம். அதற்கும் வெளிவைசர் சுத்தமாக இருந்தாக வேண்டும்.

ஹெல்மெட்டுக்குள் நீள்முனைத் தொப்பி போட்டுக்கொண்டு, அதன் முனையை நெற்றிக்கு வெளியே நீட்டி ஓட்டுகிற தம்பிகளை இந்தச் சாலையில் பார்க்கிறேன். தயவுசெய்து வேண்டாம். தொப்பி உள்ளே போனால் ஹெல்மெட் தலையில் பிடித்து உட்காராது, விழும்போது கழன்றுபோகும். தொப்பி உச்சியில் இருக்கும் பொத்தான் மண்டையில் குத்தும். தொப்பி மாதிரியே செய்து விற்கிற ஹெல்மெட்டுகளும் அதே ரகம். 2021 ஜூன் முதல் தேதியிலிருந்து ஐ.எஸ். 4151 தரத்துக்குட்பட்டு ஐ.எஸ்.ஐ. முத்திரை பெறாத ஹெல்மெட்டைச் செய்வதும் விற்பதும் கூடாது என்பது சட்டம். இடது கையைத் தூக்கி நெற்றிக்கு மறைப்பாகப் பிடித்து ஓட்டுவதும் உண்டு. கிளட்சும் ஸ்கூட்டரின் பின்பிரேக்கும் அந்தக் கையில்தான் இருக்கின்றன.

மூக்குக்கண்ணாடி போடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. வெயிலில் தானாகக் கறுக்கும் கண்ணாடி வாங்கி வைத்திருப்பவர்கள், ஹெல்மெட்டுக்குள் அது கறுக்கவே மாட்டேன் என்கிறதே என்று கடைக்காரரிடம் சண்டை போடுகிறார்கள். அவர் மேல் தவறில்லை. அது கறுப்பது புறஊதாக் கதிரால். பாலிகார்பனேட் வைசர் அந்தக் கதிரைத் தடுத்துவிடுகிறது. போலரைஸ்டு கூலிங் கிளாஸ் வேறு விதம். நேர் வெயிலுக்கு அது மற்ற கறுப்புக் கண்ணாடி போலத்தான். ஆனால் ஈரச் சாலையிலிருந்தும் காரின் பானெட்டிலிருந்தும் தெறிக்கிற பளபளப்பை நன்றாக அறுத்துவிடும். கார்த்திகையில் மழை விட்டு மேற்கே வெளுத்த மாலைகளில் பாதி வெளிச்சம் கீழே தாரிலிருந்துதான் வரும். அதைப் பட்டையால் மறைக்க முடியாது, போலரைஸ்டு கண்ணாடிதான் கைகொடுக்கும். சில வைசர் வழியே பார்க்கும்போது வானவில் திட்டுகள் தெரியலாம், சில வண்டிகளின் டிஜிட்டல் மீட்டரும் போன் திரையும் இருண்டு தெரியலாம். வாங்கும்போதே ஹெல்மெட்டைப் போட்டுப் பார்த்து வாங்குங்கள். இருட்டியதும் கழற்றிவிட வேண்டும் என்பது இதற்கும் பொருந்தும்.

இத்தனையும் செய்தபின் மிச்சமிருப்பது ஓட்டுகிற விதம். வெயில் எதிரே வந்துவிட்டால் பார்வையைத் தூரத்தில் நட்டு வைக்காமல், இடது ஓரத்து வெள்ளைக்கோட்டுப் பக்கம் இறக்கி வையுங்கள். சூரியனிலிருந்து பார்வை விலகிய அளவுக்குத் திரை குறையும் என்று மேலே சொன்ன கணக்கு இங்கே வேலை செய்யும். லாரியின் நிழலில் ஒட்டிக்கொண்டு போவது சுகமாகத்தான் இருக்கும். ஆனால் அது பிரேக் போட்டால் நிற்க இடம் இருக்காது. பாலத்தடியிலும், மெட்ரோ பாதைக்குக் கீழேயும் நுழையும்போது வெளிச்சத்துக்குப் பழகிய கண்ணுக்கு அந்த நிழல் கரிய குகையாகத் தெரியும். இருட்டுக்குப் பழகக் கண்ணுக்கு அவகாசம் தேவை. நுழையும் முன்பே வேகத்தைக் குறைத்துவிடுங்கள். உங்களுக்குப் பின்னால் வருகிறவருக்கும் அதே வெயில்தான் முகத்தில் அடிக்கிறது, உங்கள் பிரேக் விளக்கு எரிவது அவருக்குத் தெரியாது. திடீரென்று நிற்காமல், பிரேக்கை லேசாக இரண்டு முறை தொட்டுவிட்டு நில்லுங்கள்.

பகல் ஷிஃப்டுக்குப் போகிற நண்பர்களே, வெயில் முதுகில் விழுகிறவர்களே, நீங்களும் இதைப் படிக்க வேண்டும். உங்கள் நிழல் உங்களுக்கு முன்னால் நீளமாக ஓடுகிறது என்றால், எதிரே இருந்து உங்களைப் பார்க்கிறவர் கண்ணில் சூரியன் அடிக்கிறது என்று அர்த்தம். உங்களுக்கு எல்லாம் பளிச்சென்று தெரியும், அவருக்கு நீங்கள் தெரிய மாட்டீர்கள். மீடியன் இடைவெளியில் யூ டர்ன் எடுக்கக் காத்திருக்கும் வேனும், ராங் சைடில் வருகிற பைக்கும் உங்களைப் பார்த்துவிட்டுத்தான் வருகிறார்கள் என்று எண்ண வேண்டாம். 2017 ஏப்ரலிலிருந்து வருகிற புது வண்டிகளில் முன்விளக்கு எப்போதும் எரியும். பழைய வண்டி வைத்திருப்பவர்கள் அந்த ஒரு மணி நேரம் கையால் போட்டுவிடுங்கள்.

கடைசியாக நைட் ஷிஃப்ட் முடித்து வருகிறவர்களுக்கு. வீட்டுக்குப் போய்த் தலை சாய்க்க வேண்டும் என்ற அவசரம் எனக்குத் தெரியும். பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்ப வேண்டிய அவசரமும் உங்களில் பலருக்கு இருக்கிறது. ஆனாலும் வைகாசி, ஆனி மாதங்களில் ஷிஃப்ட் விட்டதும் கேட்டுக்கு வெளியே முஷ்டியை நீட்டிப் பாருங்கள். சூரியன் ஒரு முஷ்டிக்குக் கீழே இருந்தால் முகம் கழுவி, டீ குடித்து, இன்னொரு அரை மணி நேரம் இருந்துவிட்டுக் கிளம்புங்கள். கம்பெனிகளில் பாதுகாப்புப் பொறுப்பில் இருப்பவர்கள் யாராவது இதைப் படித்தால், கேட்டருகே ஒரு வாளித் தண்ணீரும் சுத்தமான மைக்ரோஃபைபர் துணிகளும் ஒரு டேப் சுருளும் வைத்துவிடுங்கள். பாதுகாப்பு வாரத்தில் மாட்டுகிற பேனரைவிட அதற்குச் செலவு குறைவு. தொழிற்சங்கத்தில் இருப்பவர்கள் இதை அடுத்த கூட்டத்தில் கேட்டு வாங்கலாம், கேட்கத் தகுந்த கோரிக்கைதான்.

அன்புடன்,
பூந்தமல்லியிலிருந்து, உங்களோடு அதே சாலையில் வண்டி ஓட்டும் ஒருவன்